கெஞ்சிக் கெஞ்சி நான்கு பக்கம்

பதினொன்றாவது தடவையாக ‘பெக்’ என்று தட்டியபோது டைப்ரைட்டரின் கம்பிகள் மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. விரலை விட்டுப் பிரித்தேன். நகக்கண்ணெல்லாம் ரிப்பன் மை.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார் அப்பா.

“மெஷினுக்கே அலுத்துப்போச்சுப்பா.”

“மெஷினுக்கு ஒண்ணும் அலுக்கலே. நீ தட்டு. ‘ஐ ஃபர்தர் மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி பெக்’... ஆச்சா?”

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். கச்சேரி கேட்கிறவர் போல முகத்தில் ஒரு சுகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாடியில் எங்கள் இரண்டு அறை வீடு. யுத்த காலம். விளக்குக்குக் கறுப்புக் காகிதத்தில் தொப்பி போட்டிருந்தது. வெளியே, எல்லா வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில், இசக்கியம்மாள் கறிவேப்பிலைக் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இருந்தாலும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

மனு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தாராவியில் அவள் குடியிருந்த அறையைக் காலி செய்யும்படி அவள் புருஷன் வேலை பார்த்த தோல் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. இந்த மனு பலித்தால் அறை நிற்கும். பலிக்காவிட்டால் அவளும் இரண்டு பிள்ளைகளும் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

அதில் கொடுமை என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடுவே என்னால் வந்தது. அதற்குச் சற்று பின்னால் போக வேண்டும்.

பாதித் தாள்

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ஸ்டெனோ டைப்பிஸ்ட். பெண்பிள்ளை ஆபீசுக்குப் போவதா என்று எங்கள் கட்டிடத்தில் முதலில் முணுமுணுத்தார்கள். யுத்தம் வந்து விலைவாசி ஏறியதும் முணுமுணுப்பு நின்று, “உங்க ஆபீசிலே இடம் காலியிருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் மானேஜர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பேச்சும் சிரிப்பும் ரேஷனில் கிடைப்பது போல அளந்து வரும். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் போனதும், இனிமேல் எந்தக் கடிதமும் பாதித் தாளைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். கையில் ஒரு நீலப் பென்சில் வைத்திருப்பார். நான் கொண்டுபோகும் கடிதத்தில் அது வயலில் இறங்கிய மாடு மாதிரி மேயும்.

‘ரிட்டர்ன் பேக்’ என்று எழுதியிருப்பேன். ‘ரிட்டர்ன் என்றாலே திரும்பத்தானே? அப்புறம் பேக் எதற்கு?’ என்பார். ‘ஃபைனல் கன்க்ளூஷன்’ என்று எழுதியிருப்பேன். ‘முடிவிலே ஆரம்ப முடிவு என்று ஒன்று இருக்கிறதா, மிஸ்?’ என்பார். ‘கைண்ட்லி ப்ளீஸ்’ என்ற இடத்தில் எதுவுமே சொல்லாமல் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

முதல் மாதம் பாத்ரூமில் போய் அழுதேன். இரண்டாவது மாதம் புரிந்துகொண்டேன். மூன்றாவது மாதம் எனக்கே ஒரு நீலப் பென்சில் வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் சிரிப்பார்கள். போன வாரம் செம்பூரிலிருந்து ஒரு வாசகர், ‘தங்கள் தொடர் சுருக்கமாகவும் சின்னதாகவும் நீளமில்லாமலும் இருக்கிறது’ என்று பாராட்டி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. நம் மொழியில் வாசலில் வந்தவரை ‘வா’ என்று ஒரு தடவை சொன்னால் எவர் உள்ளே வருவார்? ‘வாங்கோ வாங்கோ’ என்றால்தான் வரவேற்பு. ‘போதும்’ என்று ஒரு முறை சொன்னால் பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார். இந்தப் பழக்கத்தை அப்படியே இங்கிலீஷுக்குள் கொண்டுபோய் இலை போட்டுப் பரிமாறிவிட்டோம். அந்த இலையை எடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

உடைந்த ஜன்னல்

அப்பா இந்த விஷயத்தில் மகா சக்கரவர்த்தி. ஒரு ஆபீசில் முப்பது வருஷம் கடிதப் பிரிவில் இருந்தவர். அவர் எழுதும் கடிதத்தில் ‘பெக்’ இல்லாமல் ஒரு பாரா நகராது. பெக் என்றால் கெஞ்சுவது, இரந்து கேட்பது. ஆனால் அந்த நாளில் ஆபீஸ் இங்கிலீஷில் அது தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். சேதி சொல்லக் கெஞ்சுவார்கள், சேதி கிடைத்தது என்று சொல்லவும் கெஞ்சுவார்கள்.

ஒரு மே மாதம் அப்பாவின் மேஜைக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதினார். ‘தங்கள் மேலான சமூகத்துக்கு’ என்று தொடங்கி, பழைய கடிதங்களின் தேதிகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, மூன்று பக்கம். மேலிடத்திலிருந்து பதில் வந்தது: ‘என்ன உடைந்தது என்று தெரிவிக்கவும்.’ அதற்கு அப்பா இரண்டு பக்கம் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மழைக்காலம் தொடங்கி, எழுதிய காகிதமெல்லாம் நனைந்து போயிற்று.

இதை நான் சொல்லிக் காட்டும்போதெல்லாம் அப்பாவுக்குக் கோபம் வராது. “கண்ணாடி வந்துதோ இல்லியோ? ஆகஸ்டிலே வந்துது. அதுவும் மரியாதையோட வந்துது” என்பார்.

இப்படி ஒருவரோடு நீங்கள் எப்படிச் சண்டை போடுவீர்கள்?

ஐந்து வரி

இசக்கியம்மாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்பவள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். திருநெல்வேலிப் பக்கம். அவள் என்னை ‘அம்மா, நீங்க’ என்பாள். நான் அவளை ‘நீ’ என்பேன்.

அவள் புருஷன் சுடலைமுத்து தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. கம்பெனியே கட்டிய வரிசை வீட்டில் ஒற்றை அறை. அந்த அறைக்குப் பம்பாயில் கோலி என்று பெயர். மாஹிம் தாண்டி ரயில் அந்தப் பக்கம் வரும்போது முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பார்க்காமல் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாடைக்குள்தான் அவள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சுடலைமுத்துவின் வலது கை உருளையில் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேலைக்கு வராதவனுக்கு அறை இல்லை, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும் என்று கம்பெனி ஒரு காகிதம் அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு இசக்கியம்மாள் எங்கள் மாடிக்கு வந்தாள்.

“ஒரு மனு எழுதித் தாங்கம்மா. நீங்க வெள்ளக்காரன் ஆபீசுல எழுதுதீங்கன்னு சொன்னாவ.”

“என்ன எழுதணும், சொல்லு.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “அவுக ஒம்பது வருசமா வேல பாக்காவ. கை மிசின்ல போயிட்டு. மூணு மாசம் ஆவும்னு டாக்டர் சொல்லுதாரு. அது வரைக்கும் கோலிய எங்களுக்கு விட்டு வைக்கணும். உப்புத் தட்டுத வேல எனக்குத் தெரியும், அவுக எடத்துல நான் வாரேன்.”

நான் அசந்துபோனேன். ஒரு சொல் அதிகமில்லை. வந்து கிடங்கில் இறங்கும் தோலிலிருந்து உப்பை உதறித் தட்டுவது அங்கே பெண்கள் செய்யும் வேலை. புருஷனுக்குப் பதில் அதைச் செய்கிறேன், அறையை எங்களுக்கு விட்டுவை என்கிறாள். என் ஸ்காட்லாந்துக்காரர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை கொடுத்திருப்பார்.

அதை அப்படியே இங்கிலீஷில் தட்டினேன். ஐந்து வாக்கியம், பாதித் தாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இது மனுவா, தந்தியா?” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இசக்கியம்மாளுக்குத் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டினேன்.

“நான் சொன்னது அப்படியே இருக்கு” என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்த ஐந்து வாக்கியத்தையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பதில் பத்து நாளில் வந்தது; இசக்கியம்மாள் காலையிலேயே கொண்டுவந்து காட்டினாள். மாதக் கடைசி வரைக்கும் இருந்த தவணை ரத்து. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் சாமான்கள் வெளியே எடுத்து வைக்கப்படும்.

இரண்டு தட்டு

அன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தோல் கம்பெனியின் ஆபீசுக்கு நானே நடந்து போனேன். அதுவும் கோட்டையில்தான் இருந்தது. கடிதங்களை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் குமாஸ்தா ஒரு பாலக்காட்டுக்காரர், பெயர் கிச்சாமணி. எங்கள் தெருக்காரர், அப்பாவுக்குச் சிநேகிதர். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அந்த லெட்டர் நீ தட்டினதா? ஈசுவரா. நான் அது ஏதோ வக்கீல் நோட்டீசுன்னு நெனச்சேன், கொழந்தே.”

“வக்கீல் நோட்டீசா? அதிலே வக்கீல் பேர் எங்கே இருக்கு, மாமா?”

“பேர் இல்லே. ஆனா பாஷை அப்படியாக்கும் இருந்தது.”

மேஜையில் இரண்டு மரத்தட்டு இருந்தது. இடது பக்கத் தட்டில் கட்டுக்கட்டாக மனுக்கள், ஒவ்வொன்றும் மூன்று பக்கம், நான்கு பக்கம். வலது தட்டில் ஏழெட்டுக் காகிதம் மட்டும்.

“வர்றதை எல்லாம் நான் படிச்சிண்டு ஒக்காந்திருக்க முடியுமோ? மொதல் வரியைப் பார்ப்பேன். பெக் பண்ணியிருந்தா தொழிலாளி மனு, இந்தத் தட்டு, நேரா மானேஜர் துரைக்குப் போகும். அவர் இரக்கப்பட்டு ஏதாவது எழுதுவார். பெக் இல்லேன்னா வக்கீலோ யூனியன்காராளோ பின்னாலே இருக்கான்னு அர்த்தம். அது இந்தத் தட்டு. கம்பெனி சாலிசிட்டருக்குப் போயிடும்.”

“சாலிசிட்டர் என்ன சொன்னார்?”

“ஒரு தொழிலாளி பெண்டாட்டிக்கு இப்படி எழுதித் தர ஆள் இருக்குன்னா நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவா, நஷ்ட ஈடு கேப்பா, அதுக்கு முன்னாடி அறையைக் காலி பண்ணிடுங்கோன்னுட்டார்.”

கிச்சாமணி மாமா மேல் கோபப்பட வழியில்லை. முப்பது வருஷமாக நல்ல மனசோடு தட்டுத் தட்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். யாரும் அவரிடம் ‘இரண்டாவது வரியையும் படி’ என்று சொன்னதில்லை. சுத்தமாக எழுதினேன், சுருக்கமாக எழுதினேன் என்று நான் பத்து நாளாக மிதப்பில் இருந்தேன். அந்தச் சுத்தத்துக்கான விலையை தன் மாதக் கடைசித் தவணையிலிருந்து இசக்கியம்மாள் கொடுத்திருக்கிறாள்.

“இப்ப என்ன மாமா பண்றது?”

“ஒண்ணும் கெட்டுப்போகலே. நாளைக்குக் கார்த்தாலே புதுசா ஒரு பெட்டிஷன் கொண்டு வா. நன்னா நீளமா, கால்லே விழுந்து எழுதியிருக்கணும். உங்கப்பாவை எழுதச் சொல்லேன், அவருக்குக் கைவந்த கலை. நானே மேலே வெச்சு உள்ளே அனுப்பறேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இன்னொண்ணு. கை போனது கம்பெனி குத்தம்னு எங்கேயும் தொனிக்கப்படாது. அவனோட அஜாக்கிரதைன்னு ஒரு வரி இருந்தா துரைக்குக் கையெழுத்துப் போட சௌகரியம்” என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆபீசில் அன்று மத்தியானம் நான் தட்டிய கடிதம் ஒன்றில் மானேஜர் நீலப் பென்சிலால் ஒரு கோடுகூடப் போடவில்லை. “எக்ஸலன்ட்” என்றார். பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று இருந்தது.

நான்கு பக்கம்

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாளைப் போடு” என்றார்.

முதல் பக்கம் முழுக்கத் துரையின் பெருந்தன்மை. இரண்டாவது பக்கத்தில் மனுதாரியின் ஏழ்மை: ‘புவர்’, ‘இண்டிஜென்ட்’, ‘டெஸ்டிட்யூட்’ என்று மூன்று சொல், மூன்றுக்கும் ஒரே அர்த்தம். நான் இரண்டை விட்டுவிட்டுத் தட்டப் பார்த்தேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, “மூணும் வரணும்” என்றார் அப்பா. மூன்றாவது பக்கத்துக் கடைசியில்தான் அறை வந்தது. நான்காவது பக்கத்தில் உப்பு வேலை ஒரு வரி, அஜாக்கிரதை ஒரு வரி. மீதியெல்லாம் துரையின் சந்ததிகள் நீடூழி வாழ மனுதாரி செய்யப்போகும் பிரார்த்தனை.

நடுவில்தான் கம்பிகள் சிக்கிக்கொண்டன. எடுத்துவிட்டுத் தட்டினேன். கணக்குக்கு மொத்தம் பதினேழு ‘பெக்’.

அறை கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாசகர்கள் இந்த வாரம் முழுக்கக் கடிதம் போட்டுக் கேட்பார்கள். இரண்டே நாளில் துரை கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் அறை, உப்புத் தட்டும் வேலை, இரண்டும் கிடைத்தன. அப்பா ஒரு வாரம் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

தட்டி முடித்ததும் நான்கு பக்கங்களையும் அப்பா எடுத்துக் கொடுத்த ரேகை மைப்பெட்டியையும் என் பேனாவையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். இசக்கியம்மாள் தாள்களைப் பார்த்தாள்.

“இம்புட்டா?” என்றாள். “என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க.”

சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். “போன தடவை எழுதினதுதான். கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கு.”

“சொல்லுங்கம்மா. கேட்டுக்கிடுதேன்.”

சொன்னேன். இங்கிலீஷில் தட்டும்போது வெறும் எரிச்சலாக இருந்தது. தமிழில் வாயைத் திறந்து, எதிரில் நிற்கிறவளிடம், ‘தங்கள் பாதங்களில் விழுந்து கெஞ்சுகிறேன், மறுபடியும் கெஞ்சுகிறேன்’ என்று சொல்லும்போது என் நாக்கு கூசியது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிய சேதி கேட்பது போலக் கேட்டாள். நான்காவது பக்கத்தில்தான் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அவுக அஜாக்கிரதைன்னா எழுதியிருக்கு?”

“ஆமாம்.”

“மிசின் பட்டை ஒரு வாரமா பிஞ்சு கெடந்துச்சு. அவுக நாலு தடவ போயி எங்க வரிசைல இருக்க மேஸ்திரிட்ட சொன்னாவ. நாலு தடவயும் நான் கேட்டுட்டு இருந்தேன்.”

“அந்த வரியை எடுத்துடறேன்” என்றேன். “கடைசிப் பக்கம் மட்டும்தானே, திரும்பத் தட்டிடலாம்.”

அவள் யோசித்தாள்.

“எடுத்தா கோலி கெடைக்குமா?”

“தெரியாது.”

“இருந்தா?”

“கிடைக்கும்னு சொல்றார்.”

“அப்ப இருக்கட்டும்.”

நான் பேனாவைத் திறந்து நீட்டினேன். முதல் மனுவில் அவள் ‘இசக்கியம்மாள்’ என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மகன் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறான், அவன் சிலேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுத அன்று ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

அவள் பேனாவை வாங்கவில்லை. மைப்பெட்டியைக் காட்டினாள்.

“உனக்குத்தான் பேர் எழுதத் தெரியுமே?”

“தெரியும். பேரு எழுதுனா நான் சொன்னதா ஆயிரும்லா. இதுக்கு ரேகையே போதும்மா.”

மைப்பெட்டியைத் திறந்து பிடித்தேன். கட்டைவிரலை அழுத்தி எடுத்து, நான் காட்டிய இடத்தில் வைத்தாள். உள்ளேயிருந்து அப்பா, “ரேகை தெளிவா இருக்கான்னு பாரு, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவா” என்றார். தெளிவாகத்தான் இருந்தது.